மீனுக்கு அம்மை போட்ட வீடு

தனியாக இருக்கிறவனுக்கு யார் எதை நீட்டினாலும் வேண்டாம் என்று சொல்ல வராது. ஆறிய கூழை நீட்டினாலும் வாங்கிக்கொள்வான், ஆகாத யோசனையை நீட்டினாலும் வாங்கிக்கொள்வான். நான் இரண்டையும் ஒரே வீட்டில் வாங்கினேன்.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் பார்க்காத வேலை குறைவு. திருப்பூரில் பனியன் மடித்தேன், பாலக்காட்டில் பரோட்டா அடித்தேன், கொளத்தூரில் ஒரு வண்ணமீன் கடையில் தொட்டி கழுவினேன். உப்புத்தண்ணீர் மீன்களைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டது அங்கேதான். (கொஞ்சம் என்றால், நிறையத் தெரிந்த மாதிரி பேசும் அளவுக்கு.) அந்தப் பேச்சை நம்பி காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப்புடவைக் கடைக்காரர் என்னை வேலைக்கு வைத்தார். பெண்கள் புடவை பார்த்து முடிக்கும்வரை கூட வந்த பிள்ளைகளும் கணவன்மார்களும் பார்த்துக்கொண்டிருக்க, கடையில் பெரிய கடல்மீன் தொட்டி ஒன்று வைத்திருந்தார்.

புது மீன் வந்தால் நேராகப் பெரிய தொட்டியில் விடக்கூடாது. அதற்கு நோய் இருந்தால் எல்லாவற்றுக்கும் பரவிவிடும். சில வாரம் தனித்தொட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். கடையில் அதற்கு இடமில்லை. அதனால் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளி வீட்டின் பின்பக்க அறையை வாடகைக்குப் பிடித்து, மீனையும் என்னையும் சேர்த்துக் குடிவைத்தார்கள். இரண்டு கோமாளி மீன், ஒரு நீல மீன், நான். நீல மீன் முதலாளி ஆசைப்பட்டு வரவழைத்தது. "அது செத்துதுன்னா நீயும் அப்டியே கிளம்பிடு" என்று மேனேஜர் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்.

கிளம்பச் சொன்னால் நான் வருந்துகிற ஆள் இல்லை. பை எப்போதும் தயாராக இருக்கும். இந்த வீட்டிலிருந்து மட்டும் கிளம்ப மனம் வரவில்லை. காரணம் ரொம்பச் சின்னது. வீட்டுக்காரர் தனம் அக்கா தினமும் காலையில் பின்வாசலில் நின்று, "இன்னா தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்பார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விடுவார். ஆனாலும் கேட்பார். அதற்கு முன் என்னை அப்படிக் கேட்டவர் பரோட்டாக் கடை முதலாளி மட்டும்தான். அதுவும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ள.

மற்ற நேரமெல்லாம் மீன்களோடுதான் பேச்சு. பதில் சொல்வதுபோல் அவை வாயைத் திறந்து மூடும். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒருநாள் நீல மீனின் உடம்பில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள். ஒட்டுண்ணியின் வேலை அது. மீனின் தோலுக்குள் புகுந்து தின்று கொழுக்கும். பிறகு உதிர்ந்து தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு, ஒன்று பலவாகப் பெருகி, மறுபடி மீனைத் தேடி வரும். உதிர்ந்த சமயத்தில் மீன் பளிச்சென்று குணமானதுபோல் தெரியும். அதை நம்பினால் தொலைந்தோம். செம்பு கலந்த மருந்தைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும். குறைந்தால் பூச்சி சாகாது, கூடினால் மீன் செத்துவிடும்.

துளித்துளியாக மருந்து விட்டுக்கொண்டிருந்தபோது தனம் அக்கா எட்டிப் பார்த்தார்.

"இன்னாபா இது, மேலெல்லாம் முத்து முத்தா இருக்குது?"

"நோய்க்கா. கடையில இருக்கிற மத்ததுக்கும் ஒட்டிக்கும். அதான் தனியா வச்சிருக்கேன்."

அக்கா பின்னால் நகர்ந்து கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அம்மா வந்திருக்கா."

"இது பூச்சிக்கா."

"வாய மூடு. பூச்சின்றான் பாரு. அவ காதுல வுழப்போவுது."

தறியில் உட்கார்ந்திருந்த அவருடைய கணவர் ஏகாம்பரம் அண்ணன், "மீனுக்கெல்லாம் அம்ம போடுமாடி?" என்று உள்ளிருந்தே கேட்டார்.

"மாட்டுக்குப் போடல? கோழிக்குப் போடல? மீனு மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு?"

அண்ணன் சற்று யோசித்தார். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மறுபடி நெய்ய ஆரம்பித்துவிட்டார். பொழுது சாய்வதற்குள் என் அறை வாசலில் வேப்பிலைக் கொத்து தொங்கியது.

எடுத்துச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். ஆனால் மறுநாளே தெருப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். இளநீர் வந்தது, மோர் கலந்த கூழ் வந்தது, வெள்ளரிப்பிஞ்சு வந்தது. எல்லாம் மீனுக்காக. (மீன் சாப்பிடாததால் நான் சாப்பிட்டேன்.) "இப்ப எப்டி இருக்குது?" என்று கேட்டார்கள். பிறந்ததிலிருந்து என்னை விசாரித்தவர்களைவிட அந்த வாரம் மீனை விசாரித்தவர்கள் அதிகம். பக்கத்தில் நின்றதால் அதில் பாதி எனக்கும் சேரும் என்று வைத்துக்கொண்டேன்.

அக்கா ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தார். அம்மை போட்ட இடத்தில் தாளிக்கக்கூடாது, வறுக்கக்கூடாது. தலையாட்டினேன்.

கொஞ்ச நாளில் புள்ளிகள் உதிர்ந்தன. "அம்மா இறங்கிட்டா" என்று தெரு முழுக்கச் சந்தோஷம்.

"இல்லக்கா. அடியில உக்காந்திருக்கு. திரும்ப வரும்."

"மொதல்ல வாயக் கழுவு" என்றார் அக்கா.

மருந்தும் கடல் உப்பும் தீர்ந்துகொண்டிருந்தன. வாங்கிவர ஒருநாள் சென்னைக்குக் கிளம்பினேன். காலையில் நாக்கு சொன்னபடி கேட்கவில்லை. நாள்கணக்கில் கூழும் மோரும். கொஞ்சம் நெத்திலிக் கருவாடு வறுத்து, தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்து பழையதோடு தின்றுவிட்டு, சட்டியைக் கழுவாமல் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் திரும்பினால் தொட்டி நிறையச் சாம்பார்.

அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கரைத்து, மீனுக்குத் தலை எது என்றெல்லாம் தேடாமல், ஒரு குடத்தை அப்படியே தொட்டியில் கவிழ்த்திருந்தார்கள். கோமாளிகள் இரண்டும் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. வாளியில் புது உப்புத்தண்ணீர் கலந்து மாற்றினேன். அவை தேறிக்கொண்டன. நீல மீன் செவுளெல்லாம் மஞ்சள் அப்பி அடியில் சாய்ந்து கிடந்தது. அதையும் மாற்றி, காற்றுக்குழாயை அதன் முகத்தருகே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரம் செவுள் அசைந்தது. அப்புறம் அசையவில்லை.

திரும்பினால் தனம் அக்கா நின்றிருந்தார். கையில் என் கருவாட்டுச் சட்டி.

"வறுத்தியா?"

காற்றுக்குழாயைக் கீழே வைத்தேன்.

"அம்மா இருக்கிற எடத்துல வறுத்துகிற. அதுவும் இன்னாத்த? மீனுக்கு எதிர்லயே மீன. பாத்துக்கினு இருந்த அதும் மனசு இன்னா பாடுபட்டிருக்கும்?" அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. "நாங்க பாத்துப் பாத்து ஊத்தினோமே தம்பி. மஞ்சகூட கடைத்தூளு போடல. கெழங்கு வாங்கி நானே அரைச்சேன்."

உங்கள் மஞ்சள்தான் கொன்றது என்பது வாய்வரை வந்தது. அவர் விரல்களைப் பார்த்தேன். நகக்கண்ணெல்லாம் மஞ்சள்.

"தப்புதான்கா" என்றேன்.

மறுநாள் மேனேஜர் வந்தார். "நோய் முத்திருச்சு சார்" என்றேன். கோமாளிகளையும் சாவியையும் வாங்கிக்கொண்டார். மேற்கொண்டு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அக்கா தெருமுனைவரை கூட வந்தார், "இனிமேலாவது நாக்கக் கட்டு தம்பி" என்று சொல்லிக்கொண்டே.

அதற்கப்புறம் எத்தனையோ ஊர் மாறிவிட்டேன். அந்த வீட்டில் மட்டும் எனக்கு ஒரு பெயர் நிலைத்துவிட்டது: கருவாட்டுத் தம்பி. அக்கா மகள் கல்யாணத்துக்குப் போயிருந்தபோது மாப்பிள்ளை வீட்டாரிடம் என்னை அப்படித்தான் அறிமுகம் செய்தார்கள். பந்தியில் பரிமாறியவர்கூட, "நம்ம ஆளா? கருவாடு இல்லையே சாமி" என்றார். ஒருநாளும் மஞ்சளைப் பற்றி நான் வாய் திறந்ததில்லை. திறந்தால் அக்கா அழுவார். அதுகூடப் பரவாயில்லை. பிறகு என்னைக் கூப்பிட்டுக் கேலி செய்ய அந்த வீட்டில் ஒன்றும் இருக்காது. வேறு எந்த வீட்டிலிருந்தும் எனக்கு போன் வருவதில்லை.

போன ஆடியில் வந்தது. "இன்னாபா, இப்ப எதுக்கு எதிர்ல எத்த வறுத்துக்கினு இருக்க?"

"பல்லடத்துல கோழிப்பண்ணையில இருக்கேன்கா. ஆம்லேட் போட்டுக்கிட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் வீடே சிரித்தது. ஏகாம்பரம் அண்ணனின் சிரிப்பு இருமலாகி, மறுபடி சிரிப்பானது. எல்லாம் அடங்கும்வரை போனைக் காதிலேயே வைத்திருந்தேன். ஆம்லேட் தீய்ந்துவிட்டது.