அம்மன் எலுமிச்சையும் கூட்டுப் பெட்டியும்

சனிக்கிழமை மாலை நாலு மணிக்கெல்லாம் எங்கள் தேயிலை எஸ்டேட் மண்டபத்தில் உட்கார இடமில்லை. கியா பார்ம் காய்கறிக் கடைக்காரர்கள் லோரியில் வந்து இறங்கினார்கள். லெம்பா பெர்த்தாமிலிருந்து ஒரு வேன். எல்லோருக்கும் ஒரே ஆசை, எலுமிச்சம்பழம் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

ஆமாம், நடக்கும். அம்மன் மனம் வைத்துவிட்டால் பழத்துக்குக் கால் எதற்கு?

நடக்க வைப்பவர் எலுமிச்சைச் சித்தர். முக்காலமும் அறிந்தவர். போன மாதம் பிரிஞ்சாங் சாலையில் வேகக் கேமரா இருந்தது மட்டும் எப்படியோ அவருக்குத் தெரியாமல் போய், சம்மன் வந்துவிட்டது.

எங்கள் லயத்துக் குடியிருப்பில் எழுபது வீடுகள். பதினோரு வருடமாக ஒரு கூட்டுப் பெட்டி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு மாதம் பத்து வெள்ளிப் பணம், இரண்டு டின் அரிசி. யாருக்குக் கஷ்டமோ அவருக்குக் கொடுப்பது. சாவு வீட்டுக்குச் சாப்பாடு, பள்ளிக்கூடம் திறந்தால் பிள்ளைகள் காலுக்குச் சப்பாத்து. சக்கர நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டோம், அது தேவைப்படும் வீடெல்லாம் போய் வரும். இந்த மாதம் யாருக்கு என்று உட்கார்ந்து பேசுவோம். பேச்சு என்றால் சண்டைதான். மூன்று மணி நேரத்தில் நியாயம் கிடைக்கும், தொண்டை போய்விடும்.

சங்கத் தலைவர் வீரப்பனுக்கு இது அலுத்துவிட்டது. ஈப்போவில் சித்தரைப் பற்றிக் கேள்விப்பட்டுக் கூட்டி வந்துவிட்டார்.

"மனுஷன் முடிவு பண்ணா ஓரவஞ்சனை வரும். இனிமே அம்மாவே முடிவு பண்ணட்டும்லா!"

மூளைக்கு விடுமுறை என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? எல்லோரும் கை தட்டினோம்.

மேசைமேல் சிவப்புப் பட்டு, பட்டின்மேல் பித்தளைத் தாம்பாளம். உதவி கேட்பவர்களின் பெயர்ச் சீட்டுகளை, எழுத்து மேலே தெரிய, தாம்பாளத்து ஓரத்தில் சுற்றி வைப்பார்கள். நடுவில் பழம். சித்தர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து கண்ணை மூடுவார். பழம் உருண்டு போய் ஒரு சீட்டைத் தொடும். அந்தப் பெயர்க்காரருக்குப் பெட்டி திறக்கும். அதில் கால்வாசி 'அம்மன் பங்கு'. அம்மனுக்குக் காடியில் பெட்ரோல் ஊற்றத் தெரியாதல்லவா, அதனால் சித்தரே அதை எடுத்துக்கொள்வார்.

போன மாதம் பழம் புனிதனைத் தேர்ந்தெடுத்தது. புனிதனுக்கு என்ன கஷ்டம்? மோட்டார் சைக்கிளுக்குப் புது ரிம் இல்லை. முந்தின நாள் சித்தருக்கு ஸ்ட்ராபெரியும் நூறு வெள்ளியும் காணிக்கை வைத்ததை அவனே ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டான்.

கங்கா மூன்று மாதமாகச் சீட்டு எழுதிக் கொடுத்தார். கொழுந்து வெட்டும்போது சரிவில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தவர். வாரத்துக்கு ஒரு தடவை ஈப்போ ஆஸ்பத்திரிக்கு நடைப் பயிற்சிக்குப் போக வேண்டும்; காடி வாடகை கட்டுப்படியாகவில்லை. பழம் அவர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"அம்மனுக்கே என்னைப் புடிக்கல நளினி. போன பிறவியில என்ன பாவம் செஞ்சேனோ," என்று அழுதவர், கடைசியில் பயிற்சிக்குப் போவதையே நிறுத்திவிட்டார். நடக்க வேண்டிய பெண் உட்கார்ந்துவிட்டாள், உட்கார வேண்டிய பழம் நடந்துகொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு நளினிக்கு இது பொறுக்கவில்லை. அவர் தேயிலைத் தொழிற்சாலையில் சலிக்கும் பகுதியில் வேலை செய்பவர். தூளில் ஆணி, கம்பித் துண்டு கலந்துவிடாமல் காந்தம் வைத்துப் பிடிப்பது அவர் வேலை. இரும்பு எப்படி ஓடும் என்று பதினெட்டு வருடம் பார்த்த கண். சும்மா உருளும் பழம் ஆடி அடங்கி நிற்கும். இந்தப் பழமோ வெடுக்கென்று நிற்கிறதே என்று அவருக்கு உறுத்தியது.

அந்தச் சனிக்கிழமைக் கூட்டத்தில் நளினி எழுந்தார். "சாமி, இந்தத் தடவ சீட்டை நான் எழுதி, மடிச்சு, கலந்து வைக்கிறேன்."

சித்தர் இருமினார். அவருக்கு முந்திக்கொண்டு கூட்டமே பதில் சொன்னது. "மடிச்சா அம்மாவுக்குத் தெரியாதா? வைம்மா!"

வேறு வழியில்லை. சித்தர் கண்ணை மூடினார். பழம் சிலிர்த்து, உருண்டு, ஒரு சீட்டைத் தொட்டது. "ஓம் சக்தி!" என்று மண்டபம் அதிர்ந்தது. வீரப்பன் சீட்டைப் பிரித்துப் படித்தார்.

"மேனேஜர் துரை வீட்டு நாய், டைகர்."

வீரப்பன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாச் சீட்டும் டைகர்தான்," என்றார் நளினி. "அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்தா பழம் அசையாமல்ல இருந்திருக்கணும்?"

நம் மக்களை லேசாக நினைத்துவிடாதீர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. "வாயில்லா ஜீவன்மேல அம்மாவுக்கு எவ்ளோ இரக்கம் பாருங்க!" நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சித்தர் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். "பைரவர் அம்சம்! தெய்வ சித்தம்!"

நளினி தலையில் அடித்துக்கொண்டார். பிறகு சுவெட்டர் பையிலிருந்து கையளவு கறுப்புக் கட்டி ஒன்றை எடுத்தார். தொழிற்சாலைக் காந்தம். தாம்பாளத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் பழம் சித்தரை விட்டுவிட்டு நளினியிடம் ஓடி வந்து டக்கென்று ஒட்டிக்கொண்டது. தூக்கிக் காட்டினார். அந்தரத்தில் தொங்கியது.

"கத்தியக் குடுங்க," என்று கை நீட்டியது கங்கா. சக்கர நாற்காலியில் இருந்தபடியே பழத்தை இரண்டாக அறுத்தார். கொட்டைக்குப் பதிலாகக் குட்டி குட்டி ஆணிகள் மடியில் கொட்டின.

சித்தர் பதறி எழுந்தார். எழுந்த வேகத்தில் 'டங்' என்று ஒரு சத்தம். வேட்டிக்குள் முழங்காலில் கட்டியிருந்த காந்தம், மேசையின் இரும்புக் காலைக் கவ்விக்கொண்டது. மகான் ஓடப் பார்த்தார், மேசையும் கூடவே வந்தது. முக்காலம் அறிந்தவருக்கு அடுத்த நிமிஷம் தெரியவில்லை. வாசலில் மேசையோடு மாட்டிக்கொண்டவரைப் புனிதன்தான் முதலில் பிடித்தான். "என் நூறு வெள்ளி எங்கலா?"

அம்மன் பங்கு முழுவதையும் கக்க வைத்த பிறகுதான் போலீசுக்கே போன் போட்டார்கள்.

கங்கா அந்த ஆணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அம்மனுக்கு என்மேல கோவம் இல்லியா?"

"ஆணி போட்டது இந்த ஆளுதான், அக்கா," என்றார் நளினி. "இதுல அம்மன் எங்க வந்துச்சு?"

கங்கா சிரித்துக்கொண்டே அழுதார்.

மறுவாரம் பழைய மாதிரி கூட்டம் போட்டோம். வீரப்பன் முதலில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். அப்புறம் மூன்று மணி நேரம் சண்டை. கடைசியில் எழுபது வீடும் கை தூக்கி, கங்காவுக்கு வாராவாரம் காடி என்று முடிவானது. திங்கட்கிழமையே அவர் ஈப்போவுக்குக் கிளம்பினார்.

இப்போது கீழே தாப்பாவில் ஒருவர் முட்டையை வைத்து எதிர்காலம் சொல்கிறாராம். ஒரே கூட்டமாம். இங்கிருந்தும் ஒரு வேன் பேசிக்கொண்டிருக்கிறார்கள். தாராளமாகப் போங்கள். முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கட்டும். தலைக்குள் என்ன இருக்கிறது என்று நீங்கள் கொஞ்சம் தட்டிப் பாருங்கள்.