லோடிங் சார்

மனித குலத்தில் திரைபக்தர் என்றொரு பிரிவு உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். எந்தக் கேள்வி கேட்டாலும் வாயைத் திறக்காமல் கணினியையோ கைப்பேசியையோ திறப்பார்கள். வங்கியிலும் இருப்பார்கள், மருத்துவமனையிலும் இருப்பார்கள். ஆனால் இந்தப் பக்தி முற்றிப் பழுத்து முழு உருவம் எடுப்பது ஆரம்பப் பள்ளியில்தான். அங்கேதான் எதிர்த்துக் கேட்க ஆளில்லை. இருக்கிற ஆட்களுக்கும் முன்பல் இல்லை.

நாம் பார்க்கப்போகிறவர் ஓர் இரண்டாம் வகுப்பு ஆசிரியர். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. பிள்ளைகளுக்கு அவர் லோடிங் சார். காலையில் மணி அடித்ததும் அவர் வகுப்புக்குள் நுழைகிற அழகைப் பார்க்க வேண்டும்: தோளில் மடிக்கணினிப் பை, கழுத்தில் பென்டிரைவ் தொங்கும் கயிறு, ஒரு கையில் நீளமான ஒயர், மறுகையில் ரிமோட், அந்த ரிமோட்டுக்கான பேட்டரி வாயில், வந்ததும் ஜன்னல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, விளக்கை அணைத்து, புரொஜெக்டரை மேசைமேல் ஏற்றி, படம் சுவரில் விழாமல் முதல் வரிசைப் பிள்ளைகளின் தலையில் விழுவதைக் கண்டு, வகுப்பு அலமாரியிலிருந்த கதைப் புத்தகங்களையெல்லாம் அள்ளி வந்து அதற்கு முட்டுக்கொடுத்து, படம் ஒருவழியாக நேராக நின்றதும் பெருமூச்சு விட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்புவார்.

“யாரும் சத்தம் போடக் கூடாது. லோடு ஆகுது.”

சுவரில் ஒரு வட்டம் சுற்றும். பிள்ளைகள் பார்ப்பார்கள். வட்டம் சுற்றும். சார் ஒயரைப் பிடுங்கிச் செருகுவார். வட்டம் மறுபடி முதலிலிருந்து சுற்றும். பாடவேளையில் பாதி இப்படிப் போகும். மீதிப் பாதியில், மணி அடித்துவிடுமோ என்ற அவசரத்தில், பாடம் ஓடும். அந்த வகுப்பில் யாரையாவது சூரியனை வரையச் சொல்லிப் பாருங்கள். ஒரு பக்கம் திறந்த வட்டமாகத்தான் வரைவார்கள். ஏன் மூடவில்லை என்று கேட்டால், “இன்னும் லோடு ஆகல சார்” என்று பதில் வரும்.

செடி வளர்வது பற்றி ஒரு பாடம். பிள்ளைகள் ஊற வைத்துப் புதைத்த பயறு, ஜன்னலோரத்து டப்பாவில் நிஜமாகவே முளைவிட்டு இரண்டு இலையும் காட்டியிருந்தது. சீலையை இழுத்துவிட்டதில் வெளிச்சம் போய் அது வெளுத்துத் துவண்டது. அதைத் திரும்பிப் பார்க்க சாருக்கு எங்கே நேரம்? செடி வெளிச்சத்தைத் தேடி வளரும் என்ற வீடியோவை அவர் ஓட்டிக்கொண்டிருந்தார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சொன்னவர்கள் பாவம், சுவரில் காய்க்கும் சுரைக்காயைப் பார்த்ததில்லை.

பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டார்.

“ஏன் சார், நாலு எழுத்தை போர்டுல எழுதிப் போட்டா ஆகாதா?”

“டீச்சர், உலகம் எங்கேயோ போயிட்டு இருக்கு” என்றார் சார்.

எங்கே போகிறது என்று மட்டும் அவர் யாரிடமும் சொன்னதில்லை. அவருக்கே இன்னும் லோடு ஆகவில்லை போலும்.

இவருடைய வகுப்பின் மகுடம் வாசிப்பு ஆப். பிள்ளைகளுக்குப் பலகை போன்ற சின்னக் கணினிகள் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு சொல் தோன்றும். விரலால் தொட்டால் தேன் போன்ற குரலில் ஒரு பெண் அந்தச் சொல்லைச் சொல்வாள். பிள்ளை அதைத் திருப்பிச் சொன்னால் நட்சத்திரம் விழும். நட்சத்திரங்கள் சேர்ந்தால் சாருடைய கணினியில் பிள்ளையின் பெயர் பச்சையாக மாறும். வகுப்பு முழுவதும் பச்சை. இலை துவண்ட டப்பாவைத் தவிர எல்லாம் பச்சை.

எல்லாரையும்விட அடர்ந்த பச்சை யார் தெரியுமா? சாருடைய மகள். அவளும் அதே வகுப்புதான். வீட்டில் ‘அப்பா’, பள்ளிக் கேட்டைத் தாண்டினால் ‘சார்’. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு; நம்மவருக்குத் தன் குஞ்சு பச்சைக் குஞ்சு.

மனைவிக்குத்தான் இதில் நம்பிக்கை வரவில்லை. மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவர். ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பது தெரிந்த தொழில்.

“என்னங்க, இவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியலங்க. நேத்து கடை போர்டைக் காட்டி, இது என்னன்னு கேட்டேன். என் வாயையே பார்க்குறா.”

“அவதான் வகுப்புலயே முதல். இங்க பாரு, எல்லாம் பச்சை.”

“படிக்கத் தெரியுமான்னு கேட்டா கலரைக் காட்டுறீங்களே!”

சாருக்கு உள்ளே ஒரு முள் குத்தத்தான் செய்தது. உடனே கணினியைத் திறந்து மகளுடைய நட்சத்திரங்களை இன்னொரு முறை பார்த்துக்கொண்டார். முள் குத்திய இடம் மரத்துப்போனது.

இந்த நிலைமையில்தான் கல்வித் துறை மேலதிகாரி பார்வையிட வந்தார். சிறந்த நவீன வகுப்பறைக்கு ஒரு விருது என்று பேச்சு. தன் கணினிப் பலகையைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்தபடி வந்தார். அதாவது, அவரும் நம்ம சார் இனம்தான். சார் மகளைக் கூப்பிட்டார். அவள் தொட்டாள், குரல் சொன்னது, அவள் சொன்னாள், நட்சத்திரம் புரொஜெக்டர் வழியாகச் சுவரில் விழுந்தது. மேலதிகாரி சொக்கிப்போனார்.

“பிரமாதம்! ஒண்ணே ஒண்ணு பாக்கி. ‘அச்சுப் புத்தகம் வாசிக்கிறார்களா’ன்னு இதுல ஒரு கேள்வி இருக்கு. அதுக்கு டிக் போடாம அடுத்த பக்கம் போகமாட்டேங்குது. ஒரு புத்தகம் குடுங்க, முடிச்சிடலாம்.”

புத்தகமா? சார் அலமாரியைப் பார்த்தார். காலி. பைக்குள் கைவிட்டார். ஒயர். பிறகுதான் நினைவு வந்து, புரொஜெக்டருக்கு அடியிலிருந்து ஒன்றை மெல்ல உருவினார். சுவரிலிருந்த படம் அப்படியே சரிந்து மேலதிகாரியின் தொப்பையில் வந்து நின்றது. நட்சத்திரமெல்லாம் அங்கே மினுங்க, பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மகள் புத்தகத்தை வாங்கினாள். முதல் சொல்லின் மேல் விரலை வைத்தாள். காத்திருந்தாள். அழுத்தி வைத்தாள். பக்கத்தை விரலால் மேலே தள்ளிப் பார்த்தாள். காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டாள். பிறகு நிமிர்ந்து, மிகுந்த மரியாதையோடு சொன்னாள்:

“சார், இதுல சார்ஜ் இல்ல.”

வகுப்பு அதை ஒப்புக்கொண்டது. நல்ல மனசுக்காரி ஒருத்தி ஓடிப்போய் சார்ஜர் ஒயரை எடுத்துவந்து, எங்கே செருகுவது என்று புத்தகத்தின் முதுகைத் தடவத் தொடங்கினாள்.

வேலை போச்சு என்று சார் நினைத்தாரா, மகள் போச்சு என்று நினைத்தாரா, அவருக்கே தெரியாது. மேலதிகாரியோ வயிறு குலுங்கச் சிரித்தார். நட்சத்திரங்களும் சேர்ந்து குலுங்கின. “பார்த்தீங்களா! பிள்ளைங்க எவ்வளவு முன்னாடி போயிட்டாங்க, புத்தகம்தான் பின்தங்கி நிக்குது!” என்றார். ‘ஆம்’ என்ற கட்டத்தைத் தொட்டார். அடுத்த பக்கம் போனது.

அடுத்த வாரம் விருதுப் பத்திரம் வீடு வந்து சேர்ந்தது. தங்க எழுத்து, கண்ணாடிச் சட்டம். மனைவி அதை வாங்கி முன்னும் பின்னும் பார்த்துவிட்டு மகளிடம் கொடுத்தார்.

“நீயே படிம்மா. அப்பாவுக்கு என்ன குடுத்திருக்காங்கன்னு கேட்போம்.”

மகள் முதல் சொல்லைத் தொட்டாள். கண்ணாடி பேசவில்லை. அப்பாவின் வாயைப் பார்த்தாள். பழக்கதோஷம், அவர் வாய் தானாகத் திறந்தது. “சிறந்த” என்றார். அவள் அடுத்ததைத் தொட்டாள். “நவீன” என்றார். அடுத்தது. “வகுப்பறை.” அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“அம்மா! அப்பாவும் வேலை செய்யுறாரு!”

மனைவி சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் வாத்தியார் வேலை பார்த்து, பெற்ற பெண்ணுக்கு ஓர் எழுத்துகூடச் சொல்லிக் கொடுக்காமல், கடைசியில் வாசிப்பு ஆப்பாக உயர்ந்திருக்கிறோம் என்பது சாருக்கு அப்போதுதான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. வாயை இறுக மூடிக்கொண்டார்.

அவள் இன்னொரு சொல்லைத் தொட்டாள். பதில் இல்லை. அவருடைய சட்டைப் பொத்தானை அமுக்கிப் பார்த்தாள். அதற்கும் பதில் இல்லை. அவர் அவள் விரலைப் பிடித்து முதல் சொல்லுக்கே கொண்டுபோய், முதல் எழுத்தின் அடியில் வைத்தார்.

“அப்பா பேசமாட்டேன். நீ சொல்லு.”

அவள் பார்த்தாள். புருவம் சுருங்கியது. உதடு குவிந்தது, விரிந்தது. சொல்லிக்கொடுக்கச் சாருக்கு நாக்குத் துடித்தது, பல்லைக் கடித்துக்கொண்டார்.

“என்னம்மா, தெரியலையா?”

“இருங்கப்பா. லோடு ஆகுது.”

வட்டம் சுற்றியது; அவள் நெற்றிக்குள்ளே, எந்த ஒயரும் இல்லாமல். “சி” என்றாள். விரல் அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. நட்சத்திரம் ஒன்றும் விழவில்லை. சாருக்குத்தான் கண் கலங்கியது.

அதோடு அவர் திருந்திவிட்டார் என்று நம்பிவிடாதீர்கள். மறுநாளும் ஒயர் வந்தது, ரிமோட் வந்தது, வாயில் பேட்டரியும் வந்தது. ஒரே ஒரு மாற்றம்: புரொஜெக்டருக்கு முட்டுக்கொடுக்க வீட்டிலிருந்து ஒரு செங்கல் கொண்டுபோனார். புத்தகங்கள் பெஞ்சுக்கு வந்தன.

நீங்கள் சிரித்தீர்கள். நல்லது. இப்படி ஒருவரை எனக்கும் தெரியும் என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லவும் வாயெடுத்திருப்பீர்கள். அதற்கு முன் ஒரு சின்ன விஷயம். உங்கள் வீட்டில் சிறு பிள்ளை உண்டா? இத்தனை பத்தியையும் யாரும் கையைப் பிடித்து இழுக்காமல், அழுகையில்லாமல், ஒரு கேள்வியும் கேட்கப்படாமல், நிம்மதியாகப் படித்து முடித்தீர்களே, அந்தப் பிள்ளையின் கையில் இப்போது என்ன இருக்கிறது?