மூன்று பாகம் பார்த்த அஞ்சாநெஞ்சர்

1976 ஆகஸ்ட் 22, ஞாயிறு: ‘அலமாரிப் பொம்மை’. 1977 மே 8, ஞாயிறு: ‘மீண்டும் அலமாரிப் பொம்மை’. 1978 பிப்ரவரி 12, ஞாயிறு: ‘அலமாரிப் பொம்மையின் சபதம்’. மூன்றும் தெலுங்கிலிருந்து டப்பிங் செய்யப்பட்டவை. மூன்றும் பொன்னேரி டூரிங் கொட்டகையில், முதல் ஆட்டம், பெஞ்சு டிக்கெட். மூன்றையும் பார்த்துக் குறிப்பெடுத்தவர் பூவராகவன், எம்.எஸ்ஸி. (புள்ளியியல்), கும்மிடிப்பூண்டி உருக்காலை ஒன்றின் சோதனைக்கூட உதவியாளர்.

வாசகரே, பேய்ப் படத்துக்கு அஞ்சாத ரசிகர் என்றோர் இனம் நம்மிடையே உண்டு. பேய் வந்தால் அலறுகிறவர்கள் சாதாரண மனிதர்கள். இவர் அலற மாட்டார். பொம்மை அலமாரியைத் திறந்துகொண்டு இறங்கும்போது, கயிறு தெரிகிறது என்று முன்வரிசைக்கும் பின்வரிசைக்கும் சேர்த்து அறிவிப்பார். முதல் பாகத்தில் கிணற்றில் எறியப்பட்டது இரண்டாம் பாகத்தில் ஏறி வர ஏணி ஏது என்று இடைவேளையில் சோடாக்காரரை மடக்குவார். இரண்டாம் பாகத்தில் எரிந்து சாம்பலானது மூன்றாம் பாகத்தில் எழுந்து வந்ததைப் பிழை எண் முப்பத்தொன்று என்று நோட்டில் பதிந்து அடிக்கோடிடுவார். இவ்வளவு அபத்தமென்றால் அடுத்த பாகத்துக்கு ஏன் போகிறார்? ஆவணம் முழுமை பெற வேண்டாமா?

பூவராகவனுக்கோ ஆவணத்தைவிடப் பெரிய பொறுப்பு ஒன்று சேர்ந்திருந்தது. திருப்பாச்சூரில் இரண்டு வரன்களைத் தட்டிக் கழித்திருந்த சந்திரகலா, இவர் பொம்மைப் படம் இரண்டையும் அசராமல் பார்த்தவர் என்று கேட்டுத்தான் தலையசைத்தாள். படிப்புக்கு அல்ல. சம்பளத்துக்கும் அல்ல. எனவே, கல்யாணமான மூன்றாம் வாரம் மூன்றாம் பாகத்துக்கு அவளை அழைத்துப் போனவர், பயமாக இருந்தால் தம் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று அனுமதி வழங்கினார். அவள் கையில் முறுக்கு இருந்தது.

படம் விட்டு ரயிலடிக்கு நடக்கையில் நாற்பத்திரண்டு பிழைகளையும் வரிசை மாறாமல் வாசித்துக் காட்டினார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இன்னாங்க, அந்தப் பொம்மைக்கு எந்தக் கண்ணு ஒடஞ்சிருந்துச்சி?”

பூவராகவன் நோட்டைப் புரட்டினார். கிணற்றின் ஆழம் இருந்தது, நிழல் விழுந்த திசை இருந்தது, கண் இல்லை. ஆனால் என்ன, இரண்டில் ஒன்று, வாய்ப்பு சரிபாதி.

“இடது கண்ணு” என்றார், தாம் படித்த சாஸ்திரத்தின் மேல் பாரத்தைப் போட்டு.

“கண்ணு ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சி. காலுதான் ஒண்ணு இல்ல. படம் பூரா நொண்டிகினுதான வந்துச்சி?”

“நான் எழுதிகினு இருந்தேன், சந்திரா.”

“அதான் பாத்தேனே. அது வந்தா குனிஞ்சி எழுதுறீங்க. பாட்டு வந்தா நிமிந்துக்குறீங்க.”

மிச்சமிருந்த முறுக்கைக் கடித்தபடி அவள் முன்னே நடந்தாள். பூவராகவனுக்கு அதுதான் பொம்மையைவிடப் பயங்கரமாக இருந்தது. தட்டிக் கழிக்கப்பட்ட அந்த இரண்டு வரன்களும் எங்கோ உட்கார்ந்து சிரிப்பதுபோலக்கூடத் தோன்றியது. மறுநாள் ஷிப்டு முடிந்து திரும்பியவரை அதே கொட்டகைக்கு, அதே ஆட்டத்துக்கு அவளே அழைத்துப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்ததும் கையை நீட்டி நோட்டையும் பென்சிலையும் வாங்கிக்கொண்டாள்.

“இன்னிக்கி நீங்க பாருங்க. நான் எழுதுறேன்.”

சிரிக்கிறீர்கள். நல்லது. கடைசியாக நீங்கள் பார்த்த பேய்ப் படத்தில், சரியாகப் பேய் வரும் நேரத்தில், காலடியில் நழுவிய செருப்பைக் குனிந்து தேடினீர்களே, கிடைத்ததா?

1978 பிப்ரவரி 13, திங்கள். சந்திரகலாவின் கையெழுத்தில் உள்ள பதிவு: பொம்மை வந்தது இருபத்தாறு தடவை. இவர் பார்த்தது இரண்டு.