யோகா பார்க்காத திமிங்கிலம்

"பாத்தீரோ? பாத்தீரோ?" என்று கத்திக்கொண்டே விக்னராஜா படகின் மேல்தளத்திலிருந்து இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி வந்தார். பஸ் நீளத் திமிங்கிலம் ஒன்று தன் குட்டியோடு படகுக்குப் பக்கத்தில் வந்து, வாலைத் தூக்கிக் காட்டிவிட்டு, முழுகி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மேலே நாற்பது பேர் இன்னும் கூவிக்கொண்டிருந்தார்கள்.

கீழ்த்தளத்தின் நடு இருக்கையில் அவர் மனைவி யோகா தனியாக உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் ஈரம். தோளில் போட்டிருந்த சால்வையும் ஈரம். தலையில் தொப்பியைக் காணவில்லை.

"எதையப்பா?" என்றாள்.

"திமிங்கிலமப்பா! தாயும் குட்டியும்!"

யோகா ஒரு நொடி அவரையே பார்த்தாள். பிறகு கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். "நான் ஒண்டும் பாக்கேல்லை."

செம்மஞ்சள் மழைக்கோட்டுப் போட்ட படகு ஊழியப் பெண் கெய்லி, பக்கத்தில் நின்று கயிறு சுற்றிக்கொண்டிருந்தவள், சட்டென்று திரும்பிக் கடலைப் பார்த்தாள்.

விக்னராஜாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பாவம், வாந்தி எடுத்து முகம் கழுவியிருக்கிறாள். அவளை அங்கே உட்கார வைத்தது யார்? அவரேதான். படகு என்பது குழந்தைகள் ஏறி ஆடும் சீசோ மாதிரி. நுனியில் ஆட்டம் அதிகம், நடுவில் குறைவு. உயரத்தில் அதிகம், கீழே குறைவு. ஆகவே தலைசுற்று வராமலிருக்க கீழ்த்தளத்தின் நட்டநடுவே உத்தமம் என்று படம் போட்டு விளக்கி, "அசையாமல் இரும்" என்று உத்தரவும் போட்டுவிட்டு, தான் மட்டும் மேலே போயிருந்தார்.

அன்று அவர்களுக்குத் திருமணமாகி இருபது வருடம். மெல்பேர்னில் இருக்கும் யோகாவின் தங்கை சுஜீவா மாலை ஆறு மணிக்கு வாழ்த்துச் சொல்லப் போன் எடுப்பாள். போன வருடம் சுஜீவாவுக்கு அவள் கணவன் வரதராஜா வாரநம்பூலில் திமிங்கிலம் காட்டியிருந்தார். அதைச் சுஜீவா நாற்பது நிமிடம் விவரித்தாள். அன்றைக்கே விக்னராஜா, "அக்காவுக்கு நான் ஈடனிலை காட்டுறன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இன்று அவள் முதலில் கேட்கப்போவதே, "அக்கா, கண்டனீயோ?" என்பதுதான்.

இப்போது ஈடன் கடலில் மணி பத்து. ஆறு மணிக்குள் யோகா ஒரு திமிங்கிலத்தைப் பார்த்தாக வேண்டும்.

"தொப்பி எங்கை?" என்று கேட்டார்.

"காத்துக் கொண்டு போட்டுது."

தொப்பியும் போயிற்று.

இந்த இடத்தில் விக்னராஜாவின் கார் ஓட்டும் முறையைச் சொல்ல வேண்டும். வெஸ்ட்மீட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் இயந்திரங்கள் பழுது பார்ப்பவர் அவர். எந்த இயந்திரத்துக்கும் மிக மோசமான காரியம் அதை நிறுத்தி நிறுத்தித் தொடக்குவது என்பது அவர் கட்சி. ஒன்றரைத் தொன் இரும்பை நூறு கிலோமீட்டர் வேகத்துக்குக் கொண்டுவரப் பெட்ரோல் எரிக்கிறோம். பிரேக்கை அமத்தினால் அவ்வளவு உழைப்பும் சூடாகிக் காற்றில் போகிறது. ஆகவே ஈடனிலிருந்து வென்ட்வேர்த்வில் வீடு வரை ஆறு மணி நேரத்துக்கு ஒரே ஒரு நிறுத்தம், பன்னிரண்டு நிமிடம். இருபது வருடமாக யோகா கடற்கரைகள், பழக்கடைகள், சிப்பிக்கடைகள் எல்லாவற்றையும் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில்தான் பார்த்திருக்கிறாள். "வடிவான இடமப்பா" என்று அவள் சொல்லி முடிக்கையில் அந்த இடம் பின்னால் இரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும்.

அன்று படகிலிருந்து இறங்கிக் காரில் ஏறியதும் அவரே சொன்னார்: "கவலைப்படாதையும். கரையோர ரோட்டாலை போவம். எங்கை கடல் தெரியுதோ அங்கை நிப்பாட்டுறன்."

"மெய்யாவோ?" என்றாள் யோகா.

பின் சீட்டில் மகள் ஹம்சா காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். "டாட், ஆர் யூ ஓகே?"

முதல் நிறுத்தம் தாத்ராவின் பழைய மரப் படகுத்துறை.

"உயரத்திலை நிண்டால் தூரம் தெரியும் என்ன?" என்று யோகாதான் இடத்தைக் காட்டினாள்.

விக்னராஜா பூரித்துப்போனார். "கேட்டீரே ஒரு கேள்வி! கண் கடல்மட்டத்திலையிருந்து எத்தினை மீற்றர் உயரமோ, அதின்ரை வர்க்கமூலத்தை மூண்டரையாலை பெருக்கும். அவ்வளவு கிலோமீற்றருக்குத் தெரியும். இஞ்சை ஒம்பது மீற்றர் எண்டு வையும். வர்க்கமூலம் மூண்டு. அப்ப பத்தரைக் கிலோமீற்றர்!"

தொலைநோக்கியை வைத்துப் பத்தரைக் கிலோமீட்டரையும் துழாவினார். இருபதாவது நிமிடம், "அந்தா! முதுகு! தண்ணி அடிக்குது!" என்று அலறினார். துறையில் நின்ற அத்தனை பேரும் ஓடிவந்தார்கள். ஒரு ஜப்பானியக் குடும்பம் அவருக்கு நன்றிகூடச் சொன்னது.

தூண்டில் போட்டுக்கொண்டிருந்த கிழவர் மட்டும் தலையைத் திருப்பாமல், "அது பாறை, மேட். நான் பிறக்க முன்னமே அங்கைதான் நிக்குது" என்றார்.

யோகா அதற்குள் காப்பியும் கேக்கும் வாங்கிவந்து, வெயிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். "பரவாயில்லையப்பா. இன்னும் பாருங்கோ, ஆறுதலாப் பாருங்கோ."

எவ்வளவு பொறுமை! விக்னராஜாவுக்குக் கண் கலங்கியது.

காரில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகுதான் அந்த மணம் வந்தது.

"ஈவ்! வாட் இஸ் தட்?" ஹம்சா மூக்கைப் பிடித்தாள்.

செத்த மீனையும் ஊசிப்போன முட்டைக்கோஸையும் ஒன்றாக அவித்த மாதிரி ஒரு வெடுக்கு. விக்னராஜா ஆஸ்பத்திரியில் இயந்திரக் கோளாறு கண்டுபிடிக்கும் முறைப்படி யோசித்தார். காரில் மீன் எங்கே இருக்கிறது? ஐஸ் பெட்டியில், முந்தாநாள் செய்த மீன் கட்லட்.

"அது நல்லாத்தானே இருக்கு" என்றாள் யோகா, சால்வையை இழுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டே.

"சந்தேகம் வந்தால் அகத்திப்போடோணும்" என்று இருபத்திரண்டு கட்லட்டையும் குப்பைத்தொட்டியில் கொட்டினார்.

மணம் போகவில்லை. மதியச் சாப்பாடுதான் போயிற்று. ஆகவே பேர்மகுயில், மீன்பிடி வள்ளங்கள் கட்டுகிற துறையில், இரண்டாவது தடவை நிறுத்த வேண்டி வந்தது. பொரித்த மீனும் சிப்ஸும் வாங்கினார்கள். விக்னராஜா ஒரு கையில் சிப்ஸும் மறுகையில் தொலைநோக்கியுமாகக் கடலைப் பார்த்தார். ஒரு கடற்பறவை வந்து சிப்ஸ் பொட்டலத்தோடு போயிற்று. யோகா சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது.

"வெளியிலை சிரிக்கிறாள்," என்று மகளிடம் இரகசியமாகச் சொன்னார், "உள்ளுக்குள்ளை அழுறாள்."

"ஐ டோன்ட் திங்க் ஸோ, அப்பா."

இப்போது காரில் பொரித்த மீன் மணமும் சேர்ந்துகொண்டதால், எது பழைய மணம், எது புதுசு என்று பிரிக்க முடியவில்லை. நரூமாவில் வண்டியை ஓரங்கட்டினார். "வெளிக்காத்து உள்ளை வரமுந்தி ஒரு வடி வழியாத்தான் வரும். அதிலை எலி கிலி செத்துக் கிடக்கோணும்."

காற்றை வடிகட்டும் அந்த வடி, முன்சீட்டுக்கு எதிரேயுள்ள சாமான் பெட்டிக்குப் பின்னால் இருக்கும். பெட்டியின் இரு பக்கத்தையும் உள்ளே அமத்தினால் அது கழன்று வரும். விக்னராஜாவும் அமத்தினார். "டக்" என்றது. கழன்றும் வந்தது, அதைத் தாங்கும் சின்னப் பிளாஸ்டிக் முளை ஒடிந்தும் வந்தது. வடியில் இரண்டு காய்ந்த இலையைத் தவிர ஒன்றுமில்லை. அதை வெயில் பட கூரைமேல் வைத்தார். பக்கத்துக் காரில் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்த ஒரு தம்பதிக்கு, கார் எப்படி மூச்சு விடுகிறது என்று கால் மணி நேரம் விளக்கினார். யோகா அந்நேரம் பச்சைநிறக் கழிமுகத்தின் ஓரமாக நடந்துபோய், ஒரு கல்லில் கடல்நாய்கள் படுத்திருப்பதைப் படம் பிடித்து வந்தாள்.

பிறகு எல்லாரும் ஏறினார்கள். கார் புறப்பட்டது. கூரைமேலிருந்த வடி புறப்பட்ட இடத்திலேயே எங்கோ விழுந்துவிட்டது.

அது தெரியவந்தது பொடல்லாவில். பொடல்லா பால்மாட்டு ஊர். வடியில்லாத கார் அந்த ஊரின் அத்தனை மாட்டுச் சாணத்தையும் ஒளிவுமறைவில்லாமல் உள்ளே எடுத்துவந்தது. அதோடு ஒவ்வொரு வளைவிலும் முளை ஒடிந்த பெட்டி தொபுக்கென்று திறந்து யோகாவின் முழங்காலில் இடித்தது.

"நோகுதோ?"

"இல்லையப்பா. இஞ்சை ஒரு சீஸ் கடை இருக்கெண்டு போர்ட் போட்டிருக்கு."

நிறுத்தினார். பேட்மன்ஸ் பேயில் பெட்ரோல் நிலையத்திலும் நிறுத்தி, வாசனை அட்டை மூன்று வாங்கித் தொங்கவிட்டார்.

"கிரேட்," என்றாள் ஹம்சா. "இப்ப செத்த மீன் வனிலா ஐஸ்கிரீம் சாப்பிட்ட மாதிரி மணக்குது."

வழியில் இன்னும் இரண்டு கடற்கரை. இரண்டும் யோகா கைகாட்டியவை. திமிங்கிலம் மட்டும் எங்கும் இல்லை. ஐந்து மணிக்கு அவர்கள் கயாமாவில் இருந்தார்கள். அட்டவணைப்படி அந்நேரம் வென்ட்வேர்த்வில் வீட்டில் தேத்தண்ணி குடித்து முடித்திருக்க வேண்டும்.

கயாமாவில் பாறையில் ஒரு பெரிய துளை உண்டு. அடியில் குகை. அலை குகைக்குள் புகும்போது உள்ளே இருக்கும் காற்று நசுங்கும். நசுங்கிய காற்று வெளியேற வழி தேடும். மேலே துளையைக் கண்டதும் கடல்தண்ணீரையும் தூக்கிக்கொண்டு பீறிட்டு அடிக்கும். விக்னராஜா இதைத்தான் கடைசி நம்பிக்கையாக வைத்திருந்தார். திமிங்கிலம் இல்லாவிட்டால் திமிங்கிலத்தின் பீச்சலாவது.

கம்பி வேலியில் சாய்ந்து அரை மணி நேரம் நின்றார்கள். துளை ஒரு கொட்டாவிகூட விடவில்லை.

"காத்து வடகிழக்கு," என்றார் விக்னராஜா மனமுடைந்து. "தென்கிழக்கு அலை வந்தால்தான் வேலை செய்யும். இண்டைக்கு வராது. சும்மா கிட்டப்போய்ப் பாருங்கோ, ஒரு பயமுமில்லை. நான் காட்டுறன். இந்த மூலையாலை தண்ணி வந்து, இப்பிடி..."

வந்தது. அவர் கையைக் காட்டிய அதே மூலையால் வந்து, இருபது மீட்டர் எழும்பி, அதில் பாதி அவர் தலைமேல் இறங்கியது.

யோகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டாள். இருபது வருடத்தில் அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. "போங்கோ, காரிலை துவாய் இருக்கு. நாங்கள் ஐஸ்கிரீம் வாங்கிக்கொண்டு வாறம்" என்று கண்ணீரைத் துடைத்தபடி மகளை இழுத்துக்கொண்டு போனாள்.

விக்னராஜா காருக்குள் துவாயைச் சுற்றிக்கொண்டு நடுங்கினார். மணி ஆறுக்கு ஐந்து. இருபது வருடத்தில் அவளுக்கென்று வாக்குக் கொடுத்தது ஒரே ஒரு திமிங்கிலம். அதுவும் முடியவில்லை; அவள் வாயைத் திறந்து ஒரு குறைகூடச் சொல்லவுமில்லை. இனி மானம் மரியாதை பார்த்து என்ன? சுஜீவா எடுத்தால் தானே பேசி, "குற்றம் என்ரைதான். அக்காவிட்டைத் திமிங்கிலத்தைப் பற்றி மட்டும் கேக்காதையும். உம்மடை மனுசன் என்னிலும் கெட்டிக்காரன்" என்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்தார். கடைசி வசனம் தொண்டையில் முள்ளாகக் குத்தியது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

சார்ஜ் ஏறட்டும் என்று யோகா காரிலேயே விட்டுப்போன போன் அடித்தது. போன் காரோடு இணைந்திருந்ததால் மணிச்சத்தம் நாலு ஒலிபெருக்கியிலும் அதிர்ந்தது. விக்னராஜா கண்ணை மூடிக்கொண்டு பச்சைப் பொத்தானை அமத்தினார். பல் கிட்டியதில் "ம்..." என்று மட்டும்தான் வாயிலிருந்து வந்தது.

சுஜீவா இல்லை. மூச்சு விடாமல் ஆங்கிலத்தில் பேசும் ஓர் உற்சாகக் குரல்.

"ஹாய் யோகா, படகிலிருந்து கெய்லி! உன் தொப்பியைத் தண்ணீரிலிருந்து எடுத்து மூன்று தடவை தோய்த்துவிட்டேன், திமிங்கிலத்தின் மூச்சு மணம் இன்னும் போகவில்லை, ஒரு கை தூரத்தில் உன் முகத்திலேயே ஊதிவிட்டதே, உன் சால்வையும் அப்படித்தான் நாறுமே; கவலைப்படாதே, நீ கேட்டுக்கொண்டபடி உன் கணவரிடம் நான் மூச்சே விடவில்லை, அதை விடு, சொல்லு சொல்லு, கடைசியில் மனுஷன் எத்தனை இடத்தில் காரை நிறுத்தினார்?"