வலைத்தளத்துக்கு ஓலை வாசித்த கதை

அன்புள்ள பேத்தி ஜெமிமாவுக்கு,

சித்தூரிலிருந்து உன் ஆயா கிருபாவதி ஆசீர்வாதத்தோடு எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் பூனையும் உன் தாத்தா படமும் சுகம். வலது முழங்கால் சுகமில்லை, அதை நீ விசாரிக்க வேண்டாம். இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். ஆனால் பெங்களூரில் உன்னைக் கூப்பிட்டால், "ஆயா, ஒரு நிமிசம், மீட்டிங்கு" என்கிறாய். போன மாதம் அப்படிப் போனவள் இன்னும் திரும்பி வரவில்லை. கடிதத்துக்கு மீட்டிங் கிடையாது. ஐந்தாம் வகுப்புப் படிப்பை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தப்பிருந்தால் என்னைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்த மிஷன் பள்ளி டீச்சரம்மா தலையில் போட்டுவிடு. அவள் பெயர், அவள் கட்டியிருந்த வாச்சு, எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அது இப்போது வேண்டாம்.

விஷயம் இதுதான் கண்ணு: என் பெயரை ஒருத்தி வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதை நீ திரும்ப வாங்கித் தர வேண்டும். முடியாவிட்டால் கடைசியில் நான் சொல்கிறபடி செய்ய வேண்டும்.

முதலிலிருந்து கேள். நான் சொல்லச் சொல்ல நீ டைப் அடித்து அச்சாகி வந்த 'எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது' புத்தகம் நம் சபையில் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கிறது. வாங்காதவர்கள் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கித் தங்கள் பெயர் வருகிற பக்கத்தை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார்கள். புதிதாக வந்திருக்கிற பாஸ்டர் ஐயா வீடு சந்திக்கப் போகும் முன் அதைப் புரட்டிப் பார்க்கிறாராம், எந்த வீட்டில் யாரைப் பற்றி விசாரிக்கக் கூடாது என்று. இவ்வளவு ஆன பிறகு நீ வந்து, "ஆயா, ரைட்டர்னா வெப்சைட் இருக்கணும். துபாய்ல, கனடாவுல இருக்கிற நம்ம ஜனங்க எல்லாம் படிப்பாங்க. கம்மிச் செலவுல மூணு வழி கீது, பவன்குமாரை வெச்சிப் பாத்து நீயே ஒண்ணு செலக்ட் பண்ணிக்கோ" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிற பவன்குமார் தெலுங்குப் பிள்ளை, நாற்பது வயசு, தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடிப்பான், ஆனால் மரியாதை தெரிந்தவன்.

முதல் வழி இலவசம். இலவசம் என்றதும் நானும் சந்தோஷமாகத்தான் உட்கார்ந்தேன். உன் தாத்தாவை அடக்கம் பண்ணின அத்தியாயத்தைப் போட்டான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு படித்துக்கொண்டே வருகிறேன், 'பெட்டியை இறக்கினார்கள்' என்கிற வரிக்கு நேர் கீழே ஒருத்தி பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு, தொப்பை குறைகிற பவுடர் டப்பாவை என் முகத்துக்கு நேராக நீட்டுகிறாள்.

"இவ யாருடா பவன்?"

"அது ஆடு ஆயா, விளம்பரம். ஃப்ரீன்னா அப்படித்தான் வரும். எடம் அவனிது. மனம் ஏமி செய்யலேம், நாம ஒண்ணும் பண்ண முடியாது."

"எம் புருசன் சாவுல இவளுக்கு இன்னாடா இளிப்பு?"

அதுவுமில்லாமல் முகவரியில் என் பெயருக்குப் பின்னால் அந்தக் கம்பெனிக்காரன் பெயரும் ஒட்டிக்கொண்டு வருகிறது, நான் என்னமோ அவன் வீட்டு மருமகள் மாதிரி. ஒரு வீட்டுக்கு மருமகளாக இருந்ததே எனக்குப் போதும் என்று அதை மூடச் சொல்லிவிட்டேன். இரண்டாவது வழி மாதாமாதம் பணம் கட்டுவது, அலங்காரம் எல்லாம் அவர்களே பண்ணி வைத்திருப்பார்கள், நம் எழுத்தை இழுத்துக்கொண்டு போய் வைத்தால் போதும். கொஞ்ச நாள் சும்மா வைத்துப் பார்க்கலாம் என்றான். பார்த்தோம். முதல் பக்கத்தில் வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி காபிக் கோப்பையோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளை எடுத்துவிட்டு என் போட்டோவைப் போட வேண்டுமாம், அது எனக்குத் தெரியாது, நான் அப்படியே சபை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை மாதர் சங்கத்தில் நாலு பேர் அவளை நீ என்று நினைத்து வந்து, "ஜெமிமா முடிய வெட்டிக்கினாளா? எங்கள எல்லாம் கூப்புடாம கண்ணாலம் எதுனா பண்ணிக்கினாளா?" என்று கேட்கிறார்கள். பதில் சொல்லி முடிப்பதற்குள் சும்மா பார்க்கிற கெடு முடிந்து, கதவைப் பூட்டிவிட்டார்கள். திருச்சானூரில் லாட்ஜ்காரன் நேரம் ஆனதும் நம் பையை எடுத்து வெளியே வைப்பான் பார், அதே மாதிரி. நான் ஈரத் துணியோடு நிற்காத குறை.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. பெயரை வருஷத்துக்கு வாங்கிக்கொள்வது, இடத்தைச் சின்னதாக வாடகைக்கு எடுப்பது, பெருக்கித் துடைக்கிற வேலையெல்லாம் நாமே பார்த்துக்கொள்வது. ஆகிற செலவைக் கேட்டால் கிறிஸ்துமஸ் முறுக்குக்கு வாங்குகிற எண்ணெய் இதைவிட அதிகம். சிரிக்கிறவளும் வர மாட்டாள், பூட்டுகிறவனும் வர மாட்டான். வெறும் கிருபாவதி, அதற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி, அப்புறம் இந்தியா. பவன்குமார் தட்டிப் பார்த்துவிட்டு, "ஆயா, பேரு காலியா கீது" என்றான்.

அது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குப் புரியுமோ என்னமோ. நான் இந்த வீட்டுக்குக் கல்யாணமாகி வந்தபோது உன் பெரிய தாத்தா சம்சாரம் ஏற்கெனவே இங்கே இருந்தாள். அவளும் கிருபாவதி. ஒரே வீட்டில் ஒரே பெயரில் இரண்டு மருமகள். கூப்பிட்டால் இரண்டு பேரும் ஓடிப்போய் நிற்கிறோம் என்று மாமியார் அன்றைக்கே தீர்ப்புச் சொன்னாள்: மூத்தவன் பெண்டாட்டி பெரிய கிருபா, இளையவன் பெண்டாட்டி சின்ன கிருபா. வயசில் நான் அவளுக்குப் பத்து மாதம் மூத்தவள். யார் கேட்டார்கள்? என்னைவிடச் சின்னவளை நான் அக்கா என்று கூப்பிட வேண்டும். சபைப் பதிவிலும் சின்ன கிருபா, காய்கறிக்காரனுக்கும் சின்ன கிருபா, தலை நரைத்து உன் அம்மாவுக்குக் கல்யாணம் பண்ணினபோது பத்திரிகை கொடுக்கப் போன இடத்திலும் "யாரு, சின்ன கிருபாவா?" என்றுதான் கேட்டார்கள். முன்னால் எதுவும் ஒட்டாமல் என் பெயர் தனியாக நிற்கிற ஒரே இடம் அந்தக் கம்ப்யூட்டர்தான் என்று பட்டது.

"இப்பவே எடுத்துடு ஆயா. ரெண்டு நாளு உட்டா எவரோ தீஸ்கினி வெள்ளிப்போத்தாரு" என்றான் பவன்குமார், வேறே யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஆனால் நான் யோசித்தது வேறே. நம் சபையில் கல்யாணம் என்றால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள்: இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை ஏதாவது தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று. மூன்று வாரமும் வாயைத் திறக்காதவர்கள் அப்புறம் சாகிற வரை வாயைத் திறக்கக் கூடாது. வெப்சைட்டை நான் அவசரப்பட்டு வாங்கி, நாளைக்கு அந்தப் பெரியவள் வந்து "அது எம் பேரும்தானே" என்று சண்டைக்கு நின்றால்? அதற்கு வழியே வைக்கக் கூடாது, ஓலை வாசித்து அவள் வாயைச் சபை நடுவே கட்டிவிட வேண்டும் என்று பாஸ்டர் ஐயாவிடம் போனேன்.

"கிருபாம்மா, ஓலை வாசிக்கிறது கல்யாணத்துக்கு. கம்ப்யூட்டருக்கு எப்படிம்மா வாசிக்கிறது?"

"ஐயா, புஸ்தகம் ரெண்டாம் பதிப்பு வருது."

அவர் உடனே, அறிவிப்புகளோடு சேர்த்து வாசிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். நல்ல மனுஷன்.

முதல் ஞாயிறு வாசித்தார், எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். இரண்டாம் ஞாயிறு வாசித்தார், எல்லாரும் பெரிய கிருபாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாம் ஞாயிறு "தடை உள்ளவர்கள்" என்று அவர் நிறுத்தின இடத்தில் அவள் இருமினாள். அவள் பையைத் திறந்து ஒரு ஏலக்காயை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, சும்மா பீடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று அன்றைக்குக் கறிக்குழம்பு வைத்தேன். திங்கட்கிழமை காலையில் பவன்குமார் கடை ஷட்டரைத் தூக்கும்போதே போய் நின்றேன். தட்டிப் பார்த்தான். தலையைச் சொறிந்தான்.

"ஆயா, பேரு பூட்ச்சே."

"எங்கடா பூட்ச்சி?"

"யாரோ எடுத்துட்டாங்க. தெறந்து பாத்தா, 'கிருபாவதியின் தளம், விரைவில்'னு கீது. கீழ திருப்பதின்னு போட்டுகீது. ஏன் ஆயா, நீயே யாரையாவது உட்டு வாங்கிட்டு மறந்துட்டியா?"

மறந்துவிட்டேனா! நான்! ஐம்பது வருஷத்துக்கு முன்னால் எந்தப் பந்தியில் யார் இலைக்கு வடை வைக்காமல் போனான் என்று சொல்லுகிறவளைப் பார்த்து! அவன் கடை என்பதால் விட்டுவிட்டு வந்தேன். ஆனால் திருப்பதி என்றதும் ஆளைப் பிடித்துவிட்டேன். பெரிய கிருபா மகன் எர்னஸ்ட் அங்கேதானே பேங்கில் வேலை பார்க்கிறான். அன்றைக்கே பஸ் ஏறினேன், இறங்கி ஷேர் ஆட்டோவில் ஐந்து பேருக்கு நடுவே நசுங்கிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவன் பெண்டாட்டி காபி கொண்டு வந்தாள். இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டேன் என்றேன். காபி நன்றாக இருந்தது. எர்னஸ்ட் வேஷ்டியைச் சரிபண்ணிக்கொண்டு வந்து, "சின்னம்மா, நான் இன்னா பண்றது, அம்மா வாங்குன்னாங்க, வாங்கனேன். மிச்சத்த அம்மாவாண்ட கேளு" என்றான். அவளோடு நான் பேசி ஒன்பது வருஷம் ஆகிறது, அவனுக்கும் தெரியும். நான் எப்படிக் கேட்பது? வந்துவிட்டேன். பஸ்ஸில் அழவில்லை. கண்ணில் தூசி.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். உங்கள் ஆபீசில் பெரியவர்கள் யாரையாவது பிடித்து அந்தப் பெயரை மீட்டுக் கொடு. முடியாது என்றால், எனக்கு எந்தப் பெயரும் வேண்டாம், அந்தத் தொப்பைக்காரி வீட்டிலேயே இலவசமாகக் குடியேறிவிடலாம். ஆனால் முதல் பக்கத்தில் என் போட்டோ வேண்டாம். பெரிய கிருபாவைப் பற்றி நான் சொன்ன அத்தியாயத்தைத் தூக்கி முதல் பக்கத்தில் வை, அவள் போட்டோவோடு, அவள் எந்தக் கல்யாணத்தில் என்ன சொன்னாள் என்பதெல்லாம் கனடாவரைக்கும் தெரியட்டும். இனிமேல் அந்த வீட்டுப் படியை நான் மிதிக்க மாட்டேன், நீயும் மிதிக்கக் கூடாது, எர்னஸ்ட் மகள் கல்யாணத்துக்கு நம் வீட்டிலிருந்து ஒரு வெள்ளி டம்ளர்கூடப் போகக் கூடாது.

வேளாவேளைக்குச் சாப்பிடு. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே துன்னாதே, என்ன துன்னோம் என்று தெரியாது. உன் அறையில் கூட இருக்கிற பலமனேர்ப் பெண்ணுக்கு என் அன்பைச் சொல், போன தடவை அவள் கொடுத்தனுப்பின தக்காளிக்கு நான் இன்னும் பதில் செய்யவில்லை, ஞாபகம் இருக்கிறது. உன் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் விசாரணை. உன் போக்கையும் வரத்தையும் ஆண்டவர் காத்து, கெட்ட கண் படாமல், நல்ல மாப்பிள்ளையாகக் காட்டி, முக்கியமாகக் கிருபாவதி என்று யாருமில்லாத வீட்டில் உன்னைச் சேர்ப்பாராக.

இப்படிக்கு,
உன் ஆயா,
கிருபாவதி (சின்ன, பெரிய எதுவுமில்லை)

பின்குறிப்பு: கவரை ஒட்டுவதற்குள் கதவைத் தட்டினாள். அவள்தான்.

"ஏய், தொறடி. கடிதாசு எழுதிக்கினு கீறியா? என்னியப் பத்திதான? எழுது, எழுது. எர்னஸ்ட்டு சொன்னான், நீ வந்து காபி குடிச்சிட்டுத் திட்டிட்டுப் போனியாமே."

"எம் பேரை எதுக்குடி வாங்குன?"

"அடி பைத்தியமே, வாங்காம? ஊரு பூராக் கேக்குற மாதிரி பேரைச் சொல்லிட்டு மூணு வாரம் சும்மா உக்காந்துனு இருந்தா எவன் உடுவான்? மொத ஓலை வாசிச்ச அன்னிக்கே எர்னஸ்ட்டாண்ட சொன்னேன், எவனாவது கொத்திக்கினு பூடுவான், வாங்கி வெய்டா, அப்புறமா அவளாண்ட குடுத்துடலாம்னு."

"அதை எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"நீ எங்கிட்ட பேசினாத்தான சொல்றதுக்கு?"

நான் எழுந்து காபிக்குப் பால் வைத்தேன். பவன்குமார் கடைக்கு நாளைக்கு இரண்டு பேரும் போகிறோம், என் பெயருக்கே மாற்றிக் கொடுத்துவிடுகிறாள். அதனால் மேலே எழுதினதில் எதையும் செய்யாதே. பெரியவர்கள் யாரையும் பிடிக்காதே, தொப்பைக்காரி வீடும் வேண்டாம், வெள்ளி டம்ளர் பெரியதாகவே வாங்கு. அவளைப் பற்றின அத்தியாயத்தை எடுத்துவிடச் சொல்கிறேன் என்று நானாகவேதான் சொன்னேன். அவளுக்கு வந்ததே கோபம்.

"எடுத்துடுவியா? எம் புள்ளைங்க என்னியப் பத்தி ஒரு வரி எழுதல. எழுதனவ நீ ஒருத்தி. பன்னெண்டு பக்கம்! எடுத்துட்டா நான் எங்க இருப்பேன்?"

இருக்கட்டும். இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஆனால் அது போதாதாம், அவள் எனக்குப் பண்ணினதில் மூன்று விஷயம் விட்டுப்போய்விட்டதாம். எதிரே உட்கார்ந்து காபியை ஆற்றிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், இரண்டாம் பதிப்பில் சேர்க்க வேண்டுமாம். அதில் இரண்டு எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மூன்றாவது சுத்தமாக ஞாபகம் இல்லை. இதை நீ யாரிடமும் சொல்லக் கூடாது.