ஆம்ப்ரோஸ் எழுதிய புத்திப் பரீட்சை

பதினேழு. நாற்பதுக்கு வெறும் பதினேழு! தினமும் சில்க் போர்டு டிராபிக் நெரிசலில் பாதி ஆயுளைத் தொலைத்து, எலெக்ட்ரானிக் சிட்டியில் கிளையன்ட்டுகளைக் கட்டி மேய்க்கிற ஆம்ப்ரோஸின் மூளைக்குக் கம்பெனி போட்ட மார்க் அது. முப்பது வாங்கினால் மேனேஜர் பதவியோடு நொய்டாவுக்கு மாற்றல். வாங்காவிட்டால் அதே பழைய நாற்காலிதான்.

முக்கோணத்தைத் திருப்பினால் எப்படித் தெரியும் என்று கேட்கிறானே, நான் என்ன முக்கோணமா விற்கிறேன் என்று பிரேசர் டவுன் வீடே அதிரக் கத்தினார் மனுஷன். கத்தி என்ன பிரயோஜனம்? வீட்டிலிருந்தே இன்னொரு முறை எழுதலாம், அதுவே கடைசி என்று மெயில் வந்திருந்தது.

அவர் மனைவி பிரிஜெட், பேப்பரில் வரும் புதிரை டீ கொதிப்பதற்குள் முடித்துவிடுகிற ரகம். நொய்டாவுக்கு வரமாட்டேன் என்று அவள் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டாள். கீழ் போர்ஷனில் நடத்தும் பிளே ஸ்கூலை விட்டுவிட்டு எங்கே போவது? குழந்தைகள் நொய்டாவிலும் அழும், அங்கே போய்ச் சமாதானப்படுத்து என்று ஆம்ப்ரோஸ் பேச்சை முடித்துவிட்டார். பாருங்கள், அதே வாயால் இப்போது கெஞ்ச வேண்டியதாயிற்று.

"நீ விடையை மட்டும் காட்டும்மா. மத்ததை நான் பார்த்துக்கறேன்."

பிரிஜெட் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "சரிங்க" என்றாள்.

ஏற்பாடு என்னவோ பிரமாதம். கேள்விகள் பக்கத்துச் சுவர் டிவியிலும் தெரியும்படி வயர் மாட்டியாயிற்று. லேப்டாப்புக்குப் பின்னால், கேமரா கண்ணில் படாமல் பிரிஜெட். கேள்விக்கு நாலு விடை. எத்தனையாவது சரியோ, அத்தனை விரல் காட்ட வேண்டும்.

நேரம் ஓடத் தொடங்கியது. ஆம்ப்ரோஸ் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தார். தலை ஆடினால் கம்பெனிக்காரன் பிடித்துவிடுவான். எச்சில் விழுங்கவே பயந்தார். நடுவில் ஒரு கேள்விக்கு இரண்டாவதுதான் விடை என்று அவருக்கே பளிச்சென்று தெரிந்தது. அவளோ நாலு விரல் காட்டினாள். தயங்கினார். அவள் முறைத்தாள். நாம்தான் பதினேழு ஆயிற்றே என்று நாலையே அழுத்தினார்.

முடித்த கையோடு மார்க் வந்தது. பூஜ்யம்.

மறுபடி திறந்து பார்த்தார். பூஜ்யமேதான். நொய்டா போச்சு, பதவி போச்சு. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் ஐயோ பாவம், மனசின் ஒரு மூலையில் குளுகுளுவென்றும் இருந்தது. நான் பதினேழு, இவள் சைபர்! பெரிய மனது பண்ணி அவள் தோளைத் தட்டிக் கொடுத்தார்.

"மனசு விட்டுடாதே பிரிஜெட். இந்தப் பரீட்சை எல்லாம் புத்தியை அளக்காது."

"அளக்காதுதாங்க" என்றாள் அவள், வயரைச் சுருட்டிக்கொண்டே. "கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டிருந்தாலே பத்து கேள்வியாவது சரியா வந்திருக்கும். நாற்பதும் தப்பா வரணும்னா, நாற்பதுக்கும் சரியான விடை தெரிஞ்சிருக்கணும்."