நான் கையைத் தூக்கினேன், கோயிலே பாடியது

மற்றவர்களுக்குப் பயம் வந்தால் வயிற்றைக் கலக்குமாம். எனக்கு முட்டியில்தான் வரும். இரண்டு முட்டிகளும் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். (சுடிதார் போட்டிருந்தால் வெளியே தெரியாது. அதனால் எப்போதும் சுடிதார்தான்.) இப்படிப்பட்டவள் வெளிநாட்டுக்குப் போய் ஓபரா பாடகியாகப் போகிறேன் என்று கிளம்பியதே பெரிய கூத்து.

ஓபரா என்றால் வேஷம் கட்டிக்கொண்டு, பாடியபடியே நடிக்கும் ஐரோப்பிய இசை நாடகம். மைக் கிடையாது, தொண்டைதான் எல்லாம். எங்கள் நைனா சித்தூரில் கேட்டவர்களுக்கெல்லாம் இதை ஒரே வரியில் விளக்கிவிடுவார். "மைக்கே வாணாம்பா. கரண்ட் போனாகூட எம்பொண்ணு பாடிக்கினே இருப்பா."

அப்போது நான் திருப்பதியில் ஒரு பள்ளியில் டீச்சர். சனிக்கிழமைகளில் சென்னைக்கு ரயிலேறிப் பாட்டு கற்றுக்கொள்வேன். மற்ற நாட்களில் லேடீஸ் ஹாஸ்டல் மொட்டை மாடியில் சாதகம். முதல் நாள் உச்சத்தில் ஒரு ஸ்வரத்தைப் பிடித்தேன். வாட்ச்மேன் தடியோடு மேலே ஓடி வந்தார். "ஏமைந்தி அம்மா? எவரு?" என்னாச்சு, யாரது என்று தெலுங்கில் கேட்டபடி இருட்டில் திருடனைத் தேடினார். பாட்டுதான் அண்ணா என்றேன். "இதி பாட்டா?" என்று கேட்டுவிட்டு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தபடி இறங்கிப் போனார்.

இந்த நிலையில்தான் ஜெர்மனியில் ஓர் இசைக் கல்லூரி என்னை வீடியோவில் நேரடித் தேர்வுக்குக் கூப்பிட்டது. பியானோவைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். மற்றபடி நான் ஒருத்திதான் பாட வேண்டும், வேறு யார் குரலும் கேட்கக் கூடாது. அந்த வருடம் விட்டால் அவர்கள் வைத்திருந்த வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். அப்புறம் ஆயுசுக்கும் மொட்டை மாடியும் வாட்ச்மேனும்தான். தேறாவிட்டால் என்ன ஆவது என்று ஒரு முட்டி ஆடியது. தேறிவிட்டால் தெரியாத ஊரில் தன்னந்தனியாக என்ன செய்வது என்று இன்னொரு முட்டி ஆடியது.

ஹாஸ்டலில் பாட முடியாது. சித்தூரில் எங்கள் வீட்டை ஒட்டி வெல்டிங் கடை. நைனா எங்கள் கோயில் கமிட்டியில் இருந்தார். (சர்ச் என்பதை நாங்கள் கோயில் என்றுதான் சொல்வோம்.) மிஷன் காலத்துக் கட்டடம், உயரமான கூரை, ஊசி விழுந்தாலும் எதிரொலிக்கும். சாவியை வாங்கி வந்தார். யாருக்கும் சொல்லக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன்.

தேர்வன்று மத்தியானம் போய்ப் பார்த்தால், கடைசி பெஞ்சுகளில் மாதர் சங்கமே உட்கார்ந்திருந்தது. நடுவில் தலைவி, என் எஸ்தர் அத்தை, நைனாவின் அக்கா.

"நைனா, இன்னா இது?"

"நான் யார்கிட்டயும் சொல்லல கண்ணு. அக்காகிட்ட மட்டும் ஜெபம் பண்ணச் சொன்னேன்."

"காலையிலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்காம உனுக்காக உபவாசம் இருக்கறோம்," என்றார் அத்தை. "வாயே தொறக்க மாட்டோம். மனசுக்குள்ளயே ஜெபம் பண்ணிக்கினு இருக்கோம். நீ பாடு."

பட்டினி கிடப்பவர்களை எப்படி வெளியே போகச் சொல்வது? அவர்கள் தேர்வுக்காக நான் நிறுத்தி வைத்த போனின் முதுகுப் பக்கம்தான் இருந்தார்கள், கேமராவில் தெரியாது. சரி என்றேன்.

இங்கே எங்கள் கோயில் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரியாதவர்கள் நிறைய இருந்த காலத்திலிருந்து, முன்னால் நிற்பவர் ஒரு வரியைப் பாடிவிட்டுக் கையைத் தூக்குவார். சபை அதே வரியைத் திருப்பிப் பாடும். இப்போது எல்லோருக்கும் வாசிக்கத் தெரியும், ஆனாலும் வழக்கம் போகவில்லை. பள்ளி நாட்களிலிருந்து அதே இடத்தில் நின்று அப்படி வரி கொடுத்தவள் நான்.

திரையில் மூன்று ஜெர்மன்காரர்கள் வந்தார்கள். நடுவில் வெள்ளை முடி அம்மா ஒருவர் தலையசைத்தார். காதலன் கைவிட்ட பெண் மன்றாடும் இத்தாலியப் பாட்டு. குரல் நடுங்கியது. (சோகப் பாட்டானதால் பிழைத்தேன்.) முதல் வரி முடிந்து பியானோ மட்டும் ஒலிக்கும் இடம் வந்தது. சென்னை டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி, கருணை கேட்பதுபோல வலது கையை மெல்லத் தூக்கினேன்.

கோயிலே அதிர மாதர் சங்கம் அந்த இத்தாலிய வரியைத் திருப்பிப் பாடியது.

வெள்ளை முடி அம்மா திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். நிறுத்தினால் போச்சு, தொடர்ந்தாலும் போச்சு. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அடுத்த வரியைப் பாடினேன். பிரயோஜனமில்லை, ஒருமுறை ஆரம்பித்த சபை சாமானியத்தில் நிற்காது. வாசலில் நின்ற நைனா பாட வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். அதைத் தாளம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் உற்சாகமாகப் பாடினார்கள். காதலன் அன்று எங்கள் எல்லோரையும் கைவிட்டிருந்தான்.

கடைசி வரி முடிந்ததும் அத்தை கணீரென்று "ஆமென்" என்றார்.

"யார் அவர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார் அந்த அம்மா.

"கோரஸ்," என்றேன். பயத்தில் என் வாயில் வந்த பொய் அது.

போனைத் திருப்பிக் காட்டச் சொன்னார். திருப்பினேன். மாதர் சங்கம் எழுந்து நின்று கும்பிட்டது. மூன்று ஜெர்மன்காரர்களும் சிரித்தார்கள். சிரித்துத் துரத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். "நன்றாக இருந்தது. இப்போது கோரஸ் வெளியே போகட்டும், நீங்கள் இன்னொன்று பாடுங்கள்," என்றார் அந்த அம்மா.

நைனா எல்லோரையும் வெளியே கூட்டிப்போனார். காலி பெஞ்சுகளைப் பார்த்துத்தான் நிஜமாகவே பயந்தேன். ஆனாலும் இதற்கு மேல் கெடுவதற்கு ஒன்றுமில்லை என்ற தைரியத்தில் பாடி முடித்தேன். இடம் கிடைத்தது.

அந்தக் கல்லூரியில் முதல் மேடை. எனக்கு இரண்டே வரிதான். முதல் வரி பாடிக் கையைத் தூக்கினேன். இருட்டில் நிறையத் தலைகள், ஒரு சத்தமில்லை. என் வரியை யாரும் திருப்பிப் பாடவில்லை. அந்த ஒரு நொடியில் இறங்கிச் சித்தூருக்கே ஓடிவிடலாமா என்றிருந்தது. அவ்வளவு தனியாக நான் எங்கேயும் நின்றதில்லை.

லீவுக்கு ஊருக்குப் போனால், "கொஞ்சம் சாம்பார் குடு" என்று நான் கையை நீட்டினால் போதும். வீடே அதைத் திருப்பிப் பாடுகிறது. தெருவில் எனக்குப் பெயரே கோரஸ் பொண்ணு.

முட்டி இன்னும் ஆடுகிறது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் வேஷத்தோடு ஓர் ஓரமாகப் போய் நின்று சித்தூருக்குப் போன் போடுவேன். "பயமா இருக்குது நைனா" என்பேன். பயப்படாதே என்று அங்கே யாரும் சொல்வதில்லை. நைனா போனை ஸ்பீக்கரில் போடுவார், எஸ்தர் அத்தை தொண்டையைச் செருமுவார், உடனே மாதர் சங்கத்தார் அத்தனை பேரும் ராகத்தோடு திருப்பிப் பாடுவார்கள்: "பயமா இருக்குது நைனா!"

அதைக் கேட்டுவிட்டுத்தான் மேடையேறுவேன்.